கற்பூரச் சுடரைச் சுற்றித் தெரிந்த வளையம்

மாரியம்மனை நம்பி வாழ்கிற எல்லாருக்கும் சரோஜாவின் வணக்கம். நாங்கள் நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைக்கிற குடும்பம். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். நான் மூத்தவள். தங்கச்சி தெய்வானை எனக்கு இரண்டு வயது இளையவள். எங்கள் இருவருக்குமே கண் மங்கிப் போயிற்று. ஆத்தா எங்களை எப்படிக் காப்பாற்றினாள் என்பதைச் சொல்லத்தான் எழுதத் தெரிந்த ஒருவரிடம் இதை எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பொறாமையையும் சேர்த்தே சொல்வேன். அதை விட்டுவிட்டால் ஆத்தா செய்ததில் பாதி உங்களுக்குப் புரியாது.

முதலில் வந்தது கூச்சம். வெயில் பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. சுனாமி அலை வந்து எல்லாம் போன பிறகு எங்களைத் தகர ஷெல்டரில் வைத்திருந்தார்கள். மத்தியானத்தில் அந்தத் தகரம் பளபளக்கும்போது நானும் தெய்வானையும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு மூலையில் கிடப்போம். மற்றவர்கள் செத்தவர்களை நினைத்து அழுகிறோம் என்று நினைத்தார்கள். அதற்கும் அழுதோம். ஆனால் கண்ணீர் பாதி வெளிச்சத்தால் வந்தது.

பிறகு மங்கல். கண்ணாடியில் ரப்பர் பாலைத் தடவிவிட்டு அதன் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். நான் வெட்டிய மரங்கள் எல்லாம் காயப்பட்டு நின்றன. சூப்பர்வைசர் என்னை வெட்டுவதிலிருந்து எடுத்துப் புல் பறிக்கப் போட்டார். அடுத்த மாதமே தெய்வானையும் என் பக்கத்தில் புல் பறிக்க வந்துவிட்டாள்.

எல்லாரும் புரை என்றார்கள். இந்த வயதிலா என்று நான் கேட்டேன். தீவுக்கு ஒரு கண் முகாம் வந்தபோது, அங்கே பார்த்த டாக்டர் இது புரை இல்லை என்று சொல்லி, இருவரையும் கடலுக்கு அக்கரையில் மெயின்லேண்டில் இருக்கிற பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கப்பலில் போனோம். எங்களோடு தெய்வானையின் வீட்டுக்காரர் சிவலிங்கம் வந்தார். என் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. எங்களுக்குப் படம் காட்டிப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும், பிளாஸ்டிக்கில் செய்த பெரிய கண் ஒன்றை என் கையில் கொடுத்தார். அது தேங்காய் அளவு இருக்கும். பாகம் பாகமாகக் கழற்றலாம்.

"தடவிப் பாருங்கம்மா. முன்னால வழவழன்னு மேடா இருக்குல்ல? அதுதான் கருவிழி. வாட்ச் மேல இருக்கிற கண்ணாடி மாதிரி. அதுக்கு உள்ள ஒரு லென்ஸ். லென்ஸ் மங்கினா புரை. பின்னால விழித்திரை, படம் விழுற இடம். உங்களுக்கு லென்ஸும் நல்லாருக்கு, விழித்திரையும் நல்லாருக்கு. முன்னாடி இருக்கிற இந்தக் கண்ணாடிதான் கெட்டுப்போச்சு."

"எப்படிம்மா கெட்டுச்சு?" என்று தெய்வானை கேட்டாள்.

"உங்க அப்பா அம்மா சொந்தமா?"

எங்கள் அம்மா தன் தாய்மாமனைக் கட்டியவள். அதைச் சொன்னோம். டாக்டரம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. இது ரத்தத்திலேயே வருவது என்றும், சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வரும் என்றும் சொன்னார். மருந்தில் தீராது. இறந்துபோனவர் யாராவது கண்தானம் கொடுத்திருந்தால், அந்தக் கருவிழியை எடுத்து எங்களுக்கு வைத்துத் தைக்கலாம்.

இருவர் பேரையும் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு சத்திரத்தில் தங்கிக் காத்திருந்தோம். யாரோ ஒருவர் சாக வேண்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. அது எவ்வளவு கொடுமையான காத்திருப்பு என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் மாரியம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆத்தா, எனக்கு முதல்ல."

வந்தது. தெய்வானைக்கு வந்தது.

இருவரில் அவளுக்குத்தான் பார்வை கொஞ்சம் குறைவு என்று சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நான் நர்ஸிடம் சண்டை பிடித்தேன். "செத்தவருக்கு ரெண்டு கண்ணு இருந்திருக்குமே, இன்னொண்ணு எங்க?" என்றும் கேட்டேன். கண்ணில் அடிபட்டு ஓட்டை விழுந்த ஒருவருக்கு அவசரமாக வைத்துவிட்டார்களாம். முகம் தெரியாத அந்த ஆள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

எனக்கு வருவதற்குள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த முறை கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஊருக்கு வந்து, தையல் பிரிக்க மறுபடி போய் வந்து, கண்ணாடி போட்டு, மெல்ல மெல்லத் தெய்வானைக்கு உலகம் தெரிய ஆரம்பித்தது. அப்போது நாங்கள் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் வீடும் என் வீடும் பக்கம் பக்கம். அவள் பார்த்ததையெல்லாம் வாய் மூடாமல் சொல்வாள்.

"அக்கா, உன் சேலையில கறை."

"அக்கா, உன் வீட்டு முற்றத்துல புல்லு மண்டிப்போச்சு."

"அக்கா, உனக்கு நரைச்சிருச்சு தெரியுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தை போலச் சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு மிளகாய் மாதிரி எரிந்தது. அவள் மறுபடி கத்தி எடுத்துப் பால் வெட்டப் போனாள். நான் புல்லோடு புல்லாகக் கிடந்தேன். ஊசியில் நூல் கோக்க, அரிசியில் கல் பொறுக்க, எல்லாரும் தெய்வானையைக் கூப்பிட்டார்கள். என் சின்ன மகள் தலை பின்னிக்கொள்ள அவளிடம் ஓடினாள். "சித்தி பின்னினா வகிடு நேரா இருக்கு" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

ஆடித் திருவிழா வந்தது. எங்கள் கோவிலை அலை கொண்டுபோய்விட்டது. மேட்டில் புதிதாகக் கட்டிய சின்னக் கோவில் இது. வருஷா வருஷம் ஆத்தாவுக்கு முன்னால் பூத்தட்டு ஏந்துவது நான். மூத்த மகளுக்கு உரியது அது. அந்த வருஷம் பூசாரி மாமா, "சரோஜா, வழி மேடும் பள்ளமுமா இருக்கு. தெய்வானை ஏந்தட்டும், நீ தடுக்கி விழுந்துருவே" என்றார். நியாயம்தான். நானே கட்டிய பூ. தெய்வானை ஏந்திக்கொண்டு போனாள். நான் பின்னால் யாரோ ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன்.

தீபாராதனை நடந்தது. எனக்கு மஞ்சளாக ஒரு தீற்றல் தெரிந்தது. அவ்வளவுதான். அப்போது முன்னாலிருந்து தெய்வானையின் குரல் கேட்டது.

"ஆத்தா! ஆத்தா முகத்தைச் சுத்தி வானவில்லு! வட்டமா, கலர் கலரா!"

கூட்டமே "ஓம் சக்தி!" என்று எழும்பியது பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. அவளுக்கு ஆத்தா காட்சி கொடுத்துவிட்டாள் என்றார்கள். பெரியவர்கள்கூட அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். பக்கத்து வங்காளிக் குடும்பத்துப் பெண்களும் வந்து, "தீதி, ஆசீர்வாத் தோ" என்று அவளிடம் ஆசி கேட்டார்கள்.

அன்று எனக்கு ஆத்தா மேலேயே கோபம். கண்ணையும் அவளுக்கே கொடுத்தாய். காட்சியையும் அவளுக்கே கொடுத்தாய். நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? வெள்ளி, செவ்வாய் தவறாமல் விரதம் இருந்தது யார்? இப்படிக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் தெய்வானை என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"அக்கா, வீட்டு பல்புலயும் ஆத்தா தெரியிறா. அதே வளையம். எந்த விளக்கைப் பாத்தாலும் தெரியுது." பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தேன். வெளிச்சம் குத்துது."



ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருந்தது. தைத்த கருவிழியை உடம்பு எப்போது வேண்டுமானாலும் "இது என்னுடையது இல்லை" என்று எதிர்க்கும். கருவிழியின் உட்பக்கத்தில் மெல்லிய ஒரு அடுக்கு இருக்கிறது. படகுக்குள் வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற ஆள் மாதிரி, அது ஓயாமல் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பு எதிர்க்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். தண்ணீர் ஏறினால் கருவிழி ஊறிப்போகும். அப்போது விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். கண் சிவக்கும், கூசும், வலிக்கும், மங்கும். இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் ஓடி வர வேண்டும். தாமதித்தால் வைத்த கண் போய்விடும். இதை அவர் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். தெய்வானை அப்போது கட்டுப் பிரித்த சந்தோஷத்தில் இருந்தாள். காதில் வாங்கியவள் நான்.

"தெய்வானை, நீ சொட்டு மருந்து போடுறியா?" என்று கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. நிறுத்திட்டேன்."

"கண்ணு சிவந்திருக்கா? யாரையாவது பாக்கச் சொல்லு. அது ஆத்தா இல்லடி. கண்ணுல தண்ணி ஏறுது. டாக்டரம்மா சொன்னாங்கள்ல?"

அவள் எழுந்துவிட்டாள். அவள் குரலே மாறிவிட்டது.

"ஊரே கும்பிடுது. நீ மட்டும் நோவுங்கிற. எனக்குத் தெரியாதா அக்கா? கப்பல்ல வரும்போதே தெரியும். நான் பாக்கிறது உனக்குப் பொறுக்கல. இப்ப ஆத்தா வந்ததும் பொறுக்கல."

அவள் சொன்னது உண்மை. எனக்குப் பொறுக்கவில்லைதான். அதே நேரம் நான் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் யார் நம்புவார்கள்? சிவலிங்கத்திடம் போனேன். "மதினி, சும்மா மனசைக் குழப்பாதீங்க. ஆத்தா குத்தம் ஆயிரும்" என்றார். பூசாரி மாமாவும் அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரரே, "உனக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு ஏதாவது ஆனா, உன் கண்ணு பட்டுத்தான்னு சொல்வாங்க" என்றார்.

மத்தியானம் கோவிலில் யாரும் இல்லை. தடவிக்கொண்டே போய் ஆத்தா முன்னால் உட்கார்ந்தேன். வாய்விட்டுப் பேசினேன்.

"ஆத்தா, எனக்கு அவ மேல பொறாமை. உனக்குத் தெரியாததா? அதை எடுத்தாலும் எடு, எடுக்காட்டியும் போ. அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அவ கண்ணு போயிட்டிருக்கு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீதான் அவளுக்குச் சொல்லணும். இன்னைக்கே சொல்லணும்."

எனக்காக நான் எதுவும் கேட்காத முதல் வேண்டுதல் அது.

அன்று சாயந்திரம் பூசைக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். பூசை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டிருந்தது. நானும் தெய்வானையும் பேசிக்கொள்ளாமல் கோவில் ஓரமாக ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். பூசாரி மாமாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டு. பூசைக்கு முன்னால் கோவிலுக்குப் பின்பக்கம் போய் ஒன்றைப் பற்ற வைப்பார். குளிப்பதற்கு முன்புதான், ஆனாலும் ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஒளிந்துகொள்வார். அன்று தெய்வானை உட்கார்ந்திருந்த பக்கமாகவே ஒதுங்கினார் போல. தீக்குச்சி உரசும் சத்தம் எனக்கும் கேட்டது.

"மாமா!" என்று தெய்வானை கத்தினாள். "உங்க பீடியிலயும் வளையம் தெரியுது!"

யாரோ சிரித்தார்கள். பூசாரி மாமா இருமிக்கொண்டே பீடியை எறிந்தார். தெய்வானை சிரிக்கவில்லை. பிறகு, "மாமா, இன்னொரு குச்சியைக் கிழிங்க" என்றாள். கிழித்தார். அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஆபரேஷன் செய்த கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்தாள். வளையம் இல்லை. கையை மாற்றி மூடினாள். வளையம் இருந்தது.

தட்டுத் தடுமாறி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா பீடியிலயுமா வருவா அக்கா?"

"இந்தத் தடவை வந்திருக்கா" என்றேன்.

உடனே அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர், மெயின்லேண்டிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. "சாப், பத்தி மே ரங் திக்தா ஹை" என்று, விளக்கில் கலர் தெரிகிறது என்பதை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தார். கண் ஓரம் சிவந்திருக்கிறது என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடினாலும் இப்படி வளையம் தெரியும், எதுவானாலும் அவசரம்தான் என்று சொல்லி, போர்ட் பிளேரில் இருக்கிற கண் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் சொல்லச் சொல்ல ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். மணிக்கொரு தடவை போட வேண்டும். கூடிய சீக்கிரம் போர்ட் பிளேருக்கு வர வேண்டும்.

எப்படிப் போவது? கப்பல் முந்தின நாள்தான் போயிருந்தது. கடல் கொந்தளிப்பில் அடுத்தது எப்போது வரும் என்று கப்பல் துறையில் யாருக்கும் தெரியவில்லை. ஹெலிகாப்டரில் நோயாளி என்று பேர் கொடுத்தார் டாக்டர். ஆனால் மேகம் தீவை மூடிக்கொண்டு கிடந்தது. ஹெலிகாப்டர் இறங்க முடியாது.

அந்த நாட்களில் தெய்வானை என் வீட்டில்தான் கிடந்தாள். சிவலிங்கத்துக்குக் கண்ணைத் தொடவே பயம். நான் போட்டேன். எனக்குக் கண் தெரியாது, ஆனால் விரலுக்குத் தெரியும். கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரு சொட்டு. பிறகு மூக்கோரம் லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ரேடியோவில் நேரம் சொல்லும்போதெல்லாம் போட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் "ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். அவளுக்கு வலி கூடிக்கொண்டு போனது. "அக்கா, மறுபடி பால் தடவின மாதிரி ஆயிருச்சு" என்று அழுதாள்.

அப்போது என் மனசில் என்ன இருந்தது என்று கேட்டால், எல்லாம் இருந்தது. இனி இவளும் என்னைப் போலத்தான் என்று ஒரு மூலையில் ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. அதைத் துரத்த எனக்கு நேரமில்லை. சொட்டுப் போடுகிற நேரம் வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் மழை விட்டது. மேகம் விலகி, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வானம் திறந்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு ஊரே ஓடியது. நோயாளிக்கு ஒரு சீட், கூட வருபவருக்கு ஒரு சீட். சிவலிங்கம் பையோடு நின்றார். தெய்வானை சொன்னாள், "நீங்க கப்பல்ல வாங்க. அக்கா என்கூட வரட்டும்." நாங்கள் ஏறிப் பறந்த பிறகு கச்சாலில் மறுபடி மழை பிடித்துக்கொண்டதாம். அந்த இடைவெளியை ஆத்தாதான் திறந்து வைத்தாள் என்று நான் நம்புகிறேன். வேறு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

போர்ட் பிளேரில் கண் டாக்டர் மெஷினில் வைத்துப் பார்த்தார். உடம்பு எதிர்க்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் உட்பக்க அடுக்கு முழுக்கப் போகவில்லை என்றார். "இங்க வந்ததாலயும், அங்கேயே மருந்து ஆரம்பிச்சதாலயும் தப்பிச்சுது. வளையத்தைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றாள் தெய்வானை.

ஊசி போட்டார்கள். மருந்து தொடர்ந்தது. வார்டில் அவள் கட்டில் பக்கத்தில் தரையில் நான் படுத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இறங்கியது. ஒருநாள் அவள் வார்டு விளக்கைப் பார்த்து, "அக்கா, வெறும் விளக்குதான். வளையம் இல்ல" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். பக்கத்துக் கட்டில் நிக்கோபாரி அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

அந்த டாக்டர் என்னையும் மெஷினில் உட்கார வைத்தார். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு எனக்காகப் பேசினார். மறு வருஷம் அங்கிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை வந்த கருவிழி எனக்கு. தெய்வானை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும்வரை சொட்டு மருந்து போட்டது அவள்தான். இப்போது எனக்கு ஒரு கண்ணில் நன்றாகத் தெரிகிறது. மறுபடி கத்தி பிடித்துப் பால் வெட்டுகிறேன். கண் கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆத்தாவுக்கு விளக்கேற்றும்போது அந்த இரண்டு குடும்பங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறோம். நாங்களும் எங்கள் கண்களைத் தானமாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். எங்கள் கருவிழி அடுத்தவருக்கு வைக்க ஆகாவிட்டாலும், டாக்டர்கள் படிக்கவாவது உதவும் என்றார்கள்.

திருவிழாவில் இருவரும் சேர்ந்து வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். அதற்குப் பிறகு ஊரில் யாராவது சொந்தத்தில் கட்டியிருந்தால், அவர்கள் பிள்ளைகளுக்கு வெளிச்சம் கூசுகிறதா என்று நாங்களே வீடு தேடிப்போய்க் கேட்கிறோம். ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகிறோம். கண்ணில் ஆபரேஷன் செய்தவர்கள் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் தெய்வானை சண்டைக்கே போய்விடுகிறாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். அவள் வெட்டும் மரத்தில் என் மரத்தைவிடப் பால் கூட வந்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆத்தா அதை இன்னும் முழுக்க எடுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே நான் கேட்டதை ஆத்தா காது கொடுத்துக் கேட்டாள்.

ஆகையால் இதைப் படிக்கிற என் அக்கா தங்கச்சிகளே, மனசு சுத்தமான பிறகு ஆத்தாவிடம் போகலாம் என்று நிற்காதீர்கள். கோபமோ, வயிற்றெரிச்சலோ, இருக்கிறபடியே போய் முன்னால் உட்காருங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். முடிந்தால், உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்காகவும் கேளுங்கள். சுத்தமான பிறகுதான் போவேன் என்று நான் அன்று மத்தியானம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், என் தங்கச்சி இன்று இருட்டில் இருந்திருப்பாள்.